பதிவேட்டில் இல்லாதவை

1918-ல் பரவிய இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அவர்களைப் பற்றி நம்மிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கணக்குதான். அதுவும் அரைகுறைக் கணக்கு. கிராமத்துச் சாவுகளைத் தெரிவிக்க வேண்டிய காவல்காரர்களே பல இடங்களில் நோயில் விழுந்துவிட்டார்கள். பதிவான சாவுகளும் பெரும்பாலும் 'காய்ச்சல்' என்ற பத்தியிலேயே ஏறின. படுத்தவர்களுக்குக் கஞ்சி வைத்தது யார், தாயை இழந்த கைக்குழந்தையை எடுத்து வளர்த்தது யார் என்பதற்கெல்லாம் அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை.

ரிச்சர்ட் காலியர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், பல நாடுகளில் அந்த நோயிலிருந்து தப்பிய 1,700-க்கும் மேற்பட்டோரின் நினைவுகளைத் திரட்டி 1974-ல் நூலாக்கினார். அரை நூற்றாண்டு கழித்துச் சொல்வதை எப்படி நம்புவது? நியாயமான கேள்விதான். தேதி பிசகும்; பக்கத்து வீட்டில் நடந்தது தன் வீட்டில் நடந்ததாகிவிடும். ஆனால் தேதிக்குப் பதிவேடு இருக்கிறது. ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே பயத்தை, ஒரே தட்டுப்பாட்டைச் சொன்னால் அதை ஒதுக்கிவிட முடியாது. மறதிக்கு மருந்து, காலம் தாழ்த்தாமல் கேட்பது. அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் மாஸ் அப்சர்வேஷன் அமைப்பு, கொரோனா பரவலின்போது, 2020 மே 12 அன்றைய தங்கள் பொழுதை எழுதியனுப்பும்படி மக்களைக் கேட்டது; ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். எழுத நேரமும் பழக்கமும் உள்ளவர்கள்தானே எழுதுவார்கள் என்றால், அதுவும் உண்மை. அதனால்தான் நம் நாட்டில் கொரோனா ஊரடங்கில் நெடுஞ்சாலை வழியே நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களையும், தூய்மைப் பணியாளர்களையும், சுடுகாட்டில் இரவு பகலாக உழைத்தவர்களையும் நாமே தேடிப்போக வேண்டும். பெயர் சொல்லலாமா என்று முதலில் கேட்டுக்கொண்டு, அவர்கள் பேச்சிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.