நத்தையும் சங்கும்



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. நான் நத்தையைப் பற்றிப் பேசப்போறேன். சிலர் சிரிக்கிறீங்க. அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்குவோம்.

நான் வங்கியில் எழுத்தர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு நத்தை வறுவல் கொண்டுபோனேன். நிலக்கோட்டைப் பக்கம் வயலில் பொறுக்கியது, சித்தி கொடுத்தனுப்பியது. "என்ன சார் இது?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "ஈரல்" என்றேன். யாரும் மிரட்டவில்லை. வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது.

எங்க அப்பத்தா நடவு முடிஞ்சு திரும்பும்போது மடி நிறைய நத்தை கொண்டுவரும். ராத்திரி தண்ணியில் போட்டுவைத்தால் சேற்றைக் கக்கிவிடும். காலையில் வேகவைத்து, கருவேல முள்ளால் சதையை இழுத்து, மூடியையும் வாலையும் கிள்ளிப் போட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு அலசும். பிறகு சின்ன வெங்காயம், மிளகு. கூலி குறைந்த நாளிலும் எங்கள் குழம்பு குறையாமல் இருந்தது இப்படித்தான்.

ஊருக்குள் யாருக்காவது மூலம் வந்தால் நத்தைக்கறி தின்னச் சொல்வார்கள். அப்போது பொழுது சாய்ந்த பிறகு தூக்குவாளியோடு சேரிக்கு ஆள் வரும். சித்த மருத்துவத்தில் நத்தை பற்பமே உண்டு. அவங்க வயித்துக்குப் போனா மருந்து, நம்ம தட்டுல இருந்தா இழிவு.

சரி, கடற்கரைக்குப் போவோம். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் மூச்சடக்கி மூழ்கி எடுக்கிற சங்கு எது? அதுவும் நத்தை இனம்தான். ஜேம்ஸ் ஹார்னல் 1914இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். தலைப்பிலேயே அதைப் புனிதச் சங்கு என்றார். ஓடு கோயிலுக்கும் வங்காளத்து வளையல் பட்டறைக்கும் போனது. சதை, குளிக்கிறவர் வீட்டுக் குழம்புக்குப் போனது. செத்த உயிரின் ஓட்டை வாயில் வைத்து ஊதுகிறவருக்குத் தீட்டு இல்லை. சதையைத் தின்றவரைத்தான் முகம் சுளித்துப் பார்க்கிறார்கள்.

பழந்தமிழில் 'நந்து' என்றால் நத்தை, சங்கு இரண்டும்தான். தொல்காப்பிய மரபியல் நந்தை ஈரறிவு உயிரில் வைக்கிறது. சொல் ஒன்றாகத்தான் இருந்தது. பிரித்தது சாதி. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அம்பேத்கர் மாட்டிறைச்சியையும் தீண்டாமையின் தோற்றத்தையும் சேர்த்து ஆராய்ந்தார். அந்தக் கேள்வியை நத்தை வரைக்கும் நாம் கொண்டுபோகணும்.

அந்த நத்தையும் இப்போ எங்கே? திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல்ஷாப்புகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த சேதி. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் வழக்கில் உச்சநீதிமன்றம், திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தோலை ஊறப்போட்டுச் சுரண்டியது நம்ம கை. ஏற்றுமதி லாபம் யாருக்கோ. உப்புத் தண்ணீர் நமக்கு. உணவை இழிவு என்றவர்கள், கடைசியில் அந்த உணவு பிறக்கிற தண்ணீரையும் விட்டுவைக்கவில்லை. நம் உணவைப் பற்றிப் பேசினால் குளத்தையும் கிணற்றையும் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

அப்பத்தா இப்போது இல்லை. சித்தி இந்த வாரமும் நத்தை கொடுத்தனுப்பியிருக்கு. திங்கட்கிழமை கொண்டுபோகிறேன். கேட்டால் நத்தைன்னே சொல்லுவேன்.

கவிதை அடுத்த கூட்டத்தில்.