குடத்து நீரில் குடியேறிய காய்ச்சல்

டெங்கு நெடுங்காலம் பட்டணத்து நோயாகவே எண்ணப்பட்டது. 1963இல் கல்கத்தாவையும் 1996இல் டெல்லியையும் அது உலுக்கியது. டெல்லியில் மட்டும் 10,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 400 பேருக்கு மேல் மாண்டனர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் அதே காய்ச்சல் தலைகாட்டியது. 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் பெருகியது. அந்த ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் நோயுற்றோர் 12,000க்கும் மேல்.

சிற்றூருக்கு டெங்கு வந்த வழி, தண்ணீர் வந்த வழிதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. அதற்கு வேண்டியது தேங்கிய நல்ல நீர். கிணறு இருந்த ஊரில் அன்றாடம் இறைத்த நீர் அன்றே தீர்ந்தது. குழாய் வந்தது, ஆனால் நான்கு நாளைக்கொரு முறை வந்தது. குடம், அண்டா, சிமெண்டுத் தொட்டி எல்லாம் நிரம்பின. வீட்டுக்காரியைக் குறைகூறுவது எளிது. குழாயில் தினமும் நீர் வந்தால் அவள் ஏன் சேர்த்து வைக்கப்போகிறாள்?

இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். பத்து நாளுக்குள் கொசு பறக்கும். தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. வைரஸை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வது பேருந்தில் ஏறும் மனிதன். அந்த வைரஸில் நான்கு வகை. ஒன்று கண்டவரை வேறொன்று தாக்கினால் ஆபத்து மிகும். காய்ச்சல் தணியும் நாளிலேயே இரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசியத் தொடங்கலாம். உடம்பு தேறிவிட்டதென்று நினைத்து, மருத்துவமனை தொலைவிலுள்ள சிற்றூர் அந்த நாளைத் தவறவிடுகிறது. உயிர்கள் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

கொசுவையே மாற்றும் முயற்சியும் உண்டு. புதுச்சேரியில், 1975இல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம் இந்திரா நகரில் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளைப் பெற்று, உள்ளூர் ஏடிஸுடன் கலப்பு செய்து, உடலில் வோல்பாக்கியா பாக்டீரியா வாழும் கொசுக்களை உருவாக்கியதாக அம்மையம் 2022இல் அறிவித்தது. அந்தக் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. தாயிடமிருந்து முட்டை வழியே பாக்டீரியா அடுத்த தலைமுறைக்கும் போகும்.