பத்து மாதம்: தாயும் சேயும்



பத்து மாதம் சுமப்பது என்கிறோம். கணக்கு 280 நாள். கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

முதல் மூன்று மாதம். வயிறு தெரியாது. மசக்கை இருக்கும். ஆனால் உள்ளே குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். கை, கால் உருவாகிவிடும். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் விழுங்கக் கூடாது.

அடுத்த மூன்று மாதம். வாந்தி குறையும். வயிறு மேடிடும். ஐந்தாம் மாத வாக்கில் குழந்தை அசைவது தெரியும். தாய்க்கு இரத்தம் பெருக வேண்டிய காலம் இது. நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு இரத்தசோகை. அதனால்தான் நர்சம்மா இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். மலம் கறுப்பாகப் போகும். பயம் வேண்டாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கடைசி மாதங்கள். ஏழு மாதம் முடியும்போது குழந்தை சுமார் 1 கிலோ. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவாவது வேண்டும். மீதி எடை இப்போதுதான் ஏறுகிறது. "குறைவாகச் சாப்பிட்டால் பிரசவம் சுலபம்" என்பார்கள். அது தவறு. எடை குறைந்த குழந்தையை நோய் எளிதில் தாக்கும்.

மாலையில் பாதம் லேசாக வீங்கலாம். ஆனால் முகம் வீங்கினாலோ, கடும் தலைவலி வந்தாலோ, கண் மங்கினாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்பவள் நம் வீட்டுப் பெண். இந்தப் பத்து மாதமாவது அவள் முதலில் சாப்பிடட்டும். வயிறாரச் சாப்பிடட்டும்.