பழைய சாமான் போகும் இடம்



தீபாவளி நெருங்கினால் தோட்டத்து வீடுகளில் முதலில் என்ன நடக்கும்? பலகாரம் சுடுவதற்கு முன்னால் வீட்டை ஒழித்துக் கழுவுவோம். மூலையில் கிடந்ததெல்லாம் அப்போது வெளியே வரும். கால் ஒடிந்த கட்டில், பொத்தல் விழுந்த பால் வாளி, அப்பா பத்திரமாக வைத்திருந்த பழைய சைக்கிள் சக்கரம். வாளியில் மண் போட்டுக் கறிவேப்பிலைக் கன்று வைப்போம். கட்டில் சட்டம் கோழிக் கூண்டுக்குக் கதவாகும். எதற்கும் உதவாதது மட்டும் லயத்துக்குப் பின்னாலிருந்த குப்பைக் குழிக்குப் போகும். அந்தக் குழி நம் கண்ணெதிரே இருந்தது. எதைப் போட்டோம், எவ்வளவு போட்டோம் என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். சிலர் அங்கேயே குடும்பமாகி, பெற்றோரையும் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தாவது மாடி வீட்டில் குப்பைக் குழிக்கு எங்கே போவது? ஆகவேதான் பழைய சாமானை யாரிடம் கொடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணினேன்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், பல ஆண்டுகள் பால்மரம் சீவியவர், இப்போது தேக்காவுக்குப் பக்கத்தில் மகளோடு இருக்கிறார். சென்ற தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு மெத்தை, ஒரு மர அலமாரி ஆகியவை வெளியேற வேண்டியிருந்தது. மகள் ஒரு விளம்பரத் தாளைப் பார்த்து லாரிக்காரர் ஒருவரை வரவழைத்தார்.

"எல்லாத்தையும் இப்பவே எடுத்துக்கிறேம்மா. கூலி ரொம்பக் குறைச்சல்தான்."

"சரி தம்பி, எங்கே கொண்டுபோய்ப் போடுவே?"

"அதை நாங்க பார்த்துக்கிறோம்மா."

"தோட்டத்துக் குழி எங்கே இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உன் குழி எங்கே இருக்கு?"

அந்தத் தம்பியிடம் பதில் இல்லை. வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாராம். மகளுக்குக் கோபம். எனக்கோ, அந்த அம்மாள் கேட்டதைவிடச் சரியான கேள்வி இருப்பதாகத் தோன்றவில்லை.

சிங்கப்பூரின் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லோரோங் ஹாலுஸில் இருந்த குப்பை மேடு 1999 மார்ச் மாதத்தோடு மூடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, தெற்கே கடலில் செமக்காவ் நிரப்பிடம் திறக்கப்பட்டது. சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லணை கட்டிக் கடலையே வளைத்து உண்டாக்கிய இடம் அது. நாட்டின் குப்பையில் எரியக்கூடியதை ஆலைகளில் எரித்து, பத்தில் ஒரு பங்கு அளவாகக் குறைத்து, அந்தச் சாம்பலைப் படகில் ஏற்றி அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். நாட்டுக்கு இருப்பது அந்த ஒரே இடம். அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

முறையாகப் போகிற குப்பையின் வழி இது. முறை தவறியது எங்கே போகும்? ஆலையில் குப்பை கொட்டக் கட்டணம் உண்டு. கூலியை மிகக் குறைத்துக் கேட்கிற லாரிக்காரர் அந்தக் கட்டணத்தைக் கட்டுவாரா, அல்லது ஆளில்லாத சாலையோரம் பார்ப்பாரா? சிங்கப்பூரில் வாகனத்தில் கொண்டுபோய்க் கண்ட இடத்தில் கொட்டினால், முதல் குற்றத்துக்கே 50,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இருந்தும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அக்கரையில் நடந்ததை ஜோகூர் நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். காற்றில் பரவிய நச்சால் பிள்ளைகள் வகுப்பிலேயே மூச்சுத் திணறினார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 111 பள்ளிகளை மூடினார்கள். பழைய அலமாரியும் ரசாயனமும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் முறையாக அகற்றும் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் இரண்டுக்கும் ஒன்றே.

அலமாரியைவிடக் குளிர்சாதனப் பெட்டியில்தான் கவனம் வேண்டும். அதன் குழாய்களுக்குள் வாயு இருக்கிறது. பழைய பெட்டிகளில் இருந்தது ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. அதற்குப் பிறகு வந்த பல பெட்டிகளில் இருப்பதோ, பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவை ஆயிரம் மடங்குக்கு மேல் மிஞ்சக்கூடியது. செம்புக்காக ஒருவர் குழாயை வெட்டினால் அவருக்குக் கிடைப்பது சில வெள்ளி. வாயு முழுவதும் வெளியே போய்விடும். இதற்குச் சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் ஒரு சட்டம் இருக்கிறது. புதுப் பெட்டியைக் கொண்டுவந்து தரும் கடைக்காரர், நீங்கள் கேட்டால், பழையதைக் காசில்லாமல் எடுத்துப் போக வேண்டும். சலவை இயந்திரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் அப்படியே. கேட்டால்தான் எடுப்பார்கள், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மெத்தை போன்றவற்றுக்கு நகர மன்றம் இருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் வீவக வீடுகளிலிருந்து மாதத்துக்குச் சில பொருள்களை இலவசமாக எடுப்பார்கள். எத்தனை என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். வீட்டைச் செப்பனிட்ட கல்லும் மண்ணும் இதில் சேராது. அவர்கள் வரும் நாள்வரை சாமானை நடைபாதையில் போட்டுவைக்காதீர்கள். தீப்பிடித்தால் ஓடும் வழி அதுதான்.

கூலிக்கு ஆள் பிடித்தே தீரவேண்டுமென்றால், தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை வாரியம் வெளியிடுகிறது. எதை விற்பீர்கள், எதை எரி ஆலைக்கு அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். நேர்மையானவர் தயங்காமல் சொல்வார். 'எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்கிறோம்' என்று ஒருவர் சொன்னால் நான் நம்பமாட்டேன். நைந்த மெத்தையை யார் வாங்குவார்கள்?

இன்னும் உழைக்கக்கூடிய பொருள் என்றால் கதை வேறு. முன்பெல்லாம் சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்தது. 2017 ஜூலை 10 அதன் கடைசி நாள். ஹாரன் அடித்துக்கொண்டு வரும் காராங் கூனிக்காரரை இன்றும் காணலாம். 'கூனி' நம்முடைய கோணிதான். பழைய தாளையும் துணியையும் அவரிடம் கொடுக்கலாம். மரச்சாமானைப் பெரும்பாலும் தொடமாட்டார்.

நான் சொன்ன அம்மாளின் வீட்டில், குளிர்சாதனப் பெட்டியைக் கடைக்காரர் கொண்டுபோனார். மெத்தையை நகர மன்றத்து ஆட்கள் எடுத்தார்கள். அலமாரிதான் பத்து நாள் கூடத்தில் நின்றது. மகள் முணுமுணுத்தபடியே இருந்தார். கடைசியில் மூன்று மாடி கீழே புதிதாகக் குடிவந்த தம்பதி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மின்தூக்கியில் நுழையவில்லையாம்; கதவுகளைக் கழற்றிப் படிவழியாக இறக்கியிருக்கிறார்கள். கதவுத் திருகாணிகளை ஒரு பால் டின்னில் போட்டு அம்மாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.