குதிரை வாங்கிய நாடும் குதிரை வளர்த்த குடும்பமும்



கொச்சி மட்டாஞ்சேரியின் ஒரு பகுதிக்குக் கொச்சங்காடி என்று பெயர். அங்காடி என்ற சொல் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டை விட்டு வந்து இக்கரையில் குடியேறிய நமக்கு, அச்சொல்லைக் கேட்டவுடனே ஊர்க் கடைத்தெருவில் நிற்பது போன்ற உணர்வு தோன்றும். 1344ஆம் ஆண்டில் இங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று எழுந்தது. அக்கட்டடம் இன்று இல்லை. ஆனால் அதன் எழுத்துப் பொறித்த கல், பரதேசி யூதப் பள்ளியின் சுவரில் இன்றும் இருக்கிறது. கட்டடம் மறைந்தாலும் எழுதி வைத்தது நிற்கிறது. இந்தச் சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். தலைமுறை தலைமுறையாகப் பந்தயக் குதிரைகளை வளர்த்துவரும் ஒரு குடும்பத்தின் மரபே அப்பொருள்.

மிளகுக் கடற்கரையில் நின்று குதிரையைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். பண்டைக் காலத்தில் மிளகு மரக்கலம் ஏறிச் சென்ற திசையிலிருந்துதான் குதிரை மரக்கலம் ஏறி வந்தது. மலைமண்டலம் என்று அந்நாளில் வழங்கிய இக்கரையைச் சேர்ந்த வணிகர்கள், குதிரைச் செட்டிகள் என்ற பெயரோடு தமிழகத்துக் கல்வெட்டுகளில் இடம்பெற்றிருக்கின்றனர். சோழ பாண்டியர் படைகளுக்கு வேண்டிய புரவிகள் அரபு, பாரசீக நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்தன. நம் முன்னோர் குதிரையை வாங்கத் தெரிந்தவர்கள். விலை கொடுக்கவும் அஞ்சாதவர்கள்.

ஆனால் வாங்கிய குதிரை என்ன ஆயிற்று? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதைக் குறித்து வைத்திருக்கிறார். அரசர் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். குதிரைக்கு மருத்துவம் அறிந்தவரும் லாடம் கட்டத் தெரிந்தவரும் அங்கே இல்லாமையே காரணம் என்பது அவர் கருத்து. நல்ல சாதிக் குதிரைகளை இணை சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டியே பிறக்கிறது என்றும் அவர் கூறுகிறார். பயணியின் எண்ணிக்கையில் சற்று மிகை இருக்கலாம். ஈரம் மிகுந்த வெப்பமும் தக்க புல் இல்லாமையும் குதிரைக்கு ஏற்காதவை என்பதும் உண்மையே. எனினும் அவர் காட்டிய குறை ஆழமானது. பொன்னைக் கொடுத்துக் குதிரையை வாங்கிவிடலாம். அதை வளர்க்கும் அறிவு மரக்கலத்தில் வந்து இறங்குவதன்று.

அந்த அறிவு எங்கே, எவ்வாறு சேர்ந்தது என்று பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழ்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற மூன்று பொலிகுதிரைகள் உண்டு. பையர்லி துருக்கி, டார்லி அரபி, கோடால்பின் அரபி என்பன அவற்றின் பெயர்கள். தரோபிரட் என்று இன்று உலகெங்கும் வழங்கும் பந்தயக் குதிரைகள் அனைத்தும், தந்தை வழியில், இம்மூன்றில் ஒன்றின் சந்ததியே. நம் கரையில் மடிந்த புரவிகளுக்கும் அவற்றுக்கும் பிறந்த திசை ஒன்றே. ஆயினும் இங்கே அவை ஓராண்டுக் கணக்கில் முடிந்தன. அங்கே மூன்று நூற்றாண்டு வாழும் ஒரு குலத்தைத் தொடங்கின. தட்பவெப்பம் உதவியது; புல்வெளி உதவியது. அவற்றோடு ஏடும் எழுத்தும் உதவின. 1791ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய வம்சாவளிப் பதிவேட்டில், இன்ன தாய்க்கும் இன்ன தந்தைக்கும் இன்ன குட்டி பிறந்தது என்று விடாது எழுதி வந்தனர். பதிவேட்டில் இடம்பெறாத குதிரை எத்துணை வேகமாக ஓடினாலும் தரோபிரட் ஆகாது. நம் நாட்டில் இப்பதிவேட்டைக் காக்கும் அமைப்பு புனே நகரில் இருக்கிறது.

இந்திய மண்ணிலும் குதிரை வளர்ப்பு மெல்ல வேரூன்றியது. கர்நாடகத்துக் குனிகல்லில் திப்பு சுல்தான் காலத்திலேயே படைக் குதிரைகளை வளர்த்தார்கள். நம் ஓசூரில் 1824ஆம் ஆண்டில் படைக்காகக் குதிரைப் பண்ணை ஒன்று ஏற்பட்டது. அதுவே பின்னர்க் கால்நடைப் பண்ணையாக மாறிற்று. இவை அரசும் படையும் நடத்தியவை. பிறகு தனிக் குடும்பங்களும் இத்துறையில் இறங்கின. அவற்றுள் நாடறிந்தது புனேயின் பூனாவாலா குடும்பம். சோலி பூனாவாலா 1946ஆம் ஆண்டில் தொடங்கிய பண்ணை, அவருடைய மக்கள் சைரஸ், சாவரே ஆகியோர் காலத்திலும் தொடர்ந்து, இந்தியாவின் பெரும் பந்தயங்கள் பலவற்றில் வென்ற குதிரைகளை ஈன்றளித்தது.

இத்தொழில் ஒரு குடும்பத்தில் தொடர்வதற்கு ஒரு காரணம் உண்டு. பெட்டைக்குதிரை ஏறக்குறைய 11 மாதம் கருவைச் சுமக்கிறது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான். அது ஆடுகளம் காண இரண்டு வயதேனும் ஆகவேண்டும். ஆகவே எந்தப் பெட்டையை எந்தப் பொலிகுதிரையோடு சேர்ப்பது என்று இன்று எடுத்த முடிவு சரியா தவறா என்பது, மூன்று ஆண்டு கழித்தே விளங்கும். அம்முடிவு வம்சத்துக்கு நன்மை செய்ததா என்பதை அறிய இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் இத்தகைய பாடங்களைச் சிலவே கற்கமுடியும். எஞ்சியவற்றை அவருக்கு முன்னிருந்தவர் எழுதி வைத்திருக்கவேண்டும், பின்வருபவர் படிக்கவேண்டும்.

ஏடு மட்டும் போதாது. கண் விழிப்பும் வேண்டும். பெட்டைக்குதிரைகள் பெரும்பாலும் இரவிலேயே ஈனும். ஆதலால் ஈற்றுக் காலத்தில் லாயத்தில் இரவெல்லாம் ஆள் காத்திருப்பர். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க முயலும். இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்கவேண்டும். நோயை எதிர்க்கும் பொருள்கள் தாயின் கருவறையில் குட்டிக்குக் கிடைப்பதில்லை. சீம்பாலின் வழியாகவே கிடைக்கின்றன. முதல் நாள் சீம்பால் தவறினால், எத்துணை உயர்ந்த வம்சத்துக் குட்டியும் சாதாரண நோய்க்கே இரையாகும். பதிவேட்டில் முந்நூறு ஆண்டுப் பெருமை இருந்தும் என்ன? அதை அந்த ஓர் இரவில் காப்பவர், விளக்கோடு நிற்கும் லாயக்காரர். குதிரைமசாலும் ஓட்ஸும் அளந்து வைப்பவர், லாடம் கட்டுபவர், மருத்துவர் ஆகியோரின் பெயர்கள் வெற்றிக் கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் மரபின் பாதி அவர்கள் கையில் இருக்கிறது.

குதிரைப் பந்தயத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பந்தயப் பணத்தால் வீடு இழந்தவர்களை நம்மில் பலர் அறிவோம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அது திறமையை முதன்மையாகக் கொண்ட ஆட்டமே என்று 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் திறமை குதிரைக்கும் அதை ஓட்டுபவருக்கும் உரியது. கடன் வாங்கிப் பணம் கட்டுபவரின் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதை எந்தத் தீர்ப்பும் உறுதி செய்யாது. இப்பண்ணைகள் ஈன்ற குதிரைகளின் ஓட்டத்தில் அந்தக் கண்ணீரும் கலந்திருக்கிறது.

ஆயினும் பூனாவாலா பண்ணையின் கதை பந்தயத்தோடு முடியவில்லை. ஓடி ஓய்ந்த குதிரைகளைப் பண்ணையார் மும்பையிலுள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்கு அளிப்பது வழக்கமாக இருந்தது. நஞ்சை மிகச் சிறு அளவில் செலுத்திச் சிறிது சிறிதாகக் கூட்டினால், குதிரையின் இரத்தத்தில் அந்நஞ்சை எதிர்க்கும் பொருள்கள் உண்டாகின்றன. இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்துத் தூய்மை செய்தால் மனிதருக்கு மருந்து. தாய்க்குதிரை தன் குட்டிக்குச் சீம்பாலில் தரும் காப்பு எவ்வகையோ, அவ்வகைக் காப்பே இது. நம் குதிரைகளைக் கொண்டு இம்மருந்தை நாமே செய்யலாகாதா என்று எண்ணிய சைரஸ் பூனாவாலா, 1966ஆம் ஆண்டில் சீரம் நிறுவனத்தைத் தொடங்கினார். அது இன்று எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய தடுப்பூசித் தயாரிப்பு நிலையமாக விளங்குகிறது. 2021ஆம் ஆண்டில் கொரோனாவுக்கு எதிராக நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு அங்கே செய்யப்பட்டதே. லாயத்தில் தொடங்கிய ஓர் எண்ணம் நம் தோளில் ஊசியாக வந்து சேர்ந்தது.

இவ்வகை மருந்தில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளின் நஞ்சை எடுக்கிறது. அந்நஞ்சு வெளிமாநில மருந்து நிலையங்களுக்குச் செல்கிறது. அங்கே குதிரைகளின் உடலில் மருந்தாகிறது. மீண்டும் நம் ஊர் மருத்துவமனைக்கு வந்து, வயலில் பாம்பு தீண்டிய உழவரின் உயிரைக் காக்கிறது. இருளரின் கைப்பழக்கமும் எந்தக் கல்லூரியிலும் கற்றதன்று. தந்தையும் தாயும் மக்களுக்குக் காட்டிக் கொடுத்தது.

நேயர்களே, மரபு என்பது பழம்பெருமை பேசுவதன்று. எழுதி வைத்த ஏடும், இரவில் விழித்திருக்கும் கண்ணும் சேர்ந்ததே மரபு. பாண்டியரிடம் பொன் இருந்தது, குதிரையும் இருந்தது, இவ்விரண்டும் இல்லை. வேற்று மண்ணில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. நம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில், எத்தொழிலை நாடி இங்கே வந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா? அறியாவிடில், நாளை கேட்பதற்கு யார் இருப்பார்? இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியை எழுதுவோம். ஊரின் பெயரையும் அவரது பெயரையும் எழுதினாலே போதும். மற்றவற்றை வீட்டிலுள்ள முதியவர் சொல்லக் கேட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். கொச்சங்காடியின் கட்டடம் போன பின்னும் அதன் கல் பேசிக்கொண்டுதானே இருக்கிறது!