பராமரிப்பும் தொழில்தான்: படிப்போம், கூலியும் கேட்போம்!

(போடிநாயக்கனூரில் தோட்டத் தொழிலாளர், மில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சு)



செல்போன் மூலம் வீட்டிலிருந்தே படித்து, குழந்தைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் கவனிக்கும் உத்தியோகத்துக்குப் போக முடியுமா என்று நமது பெண்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. முடியும் என்பதுதான் நமது பதில். ஆனால் எதைச் செல்போனில் படிக்கலாம், எதைப் படிக்க முடியாது, படித்து முடித்தால் கைக்கு என்ன வரும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். இந்த வேலை நமக்குப் புதிதல்ல. விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப்புகள் புறப்படுகின்றன. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு தாண்டி, ஏலத் தோட்டங்களுக்கு நமது பெண்கள் போகிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அதுவரை கைக்குழந்தையை யார் பார்ப்பது? பக்கவாதத்தில் கிடக்கும் மாமனாருக்குக் கஞ்சி ஊட்டுவது யார்? ஒன்று, கண் மங்கிய பாட்டி. இல்லாவிட்டால், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற மூத்த பெண். இருவருக்கும் கூலி இல்லை. அவர்கள் செய்வதற்கு 'வேலை' என்ற பெயர்கூட இல்லை!

சட்டம் இல்லையா? இருந்தது. 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் சட்டத் தொகுப்பும் 50 தொழிலாளர் என்றே கணக்கு வைக்கிறது. ஜீப்புக்குப் பத்துப் பேராகப் போய் இறங்கும் சின்னத் தோட்டங்களை இந்தக் கணக்கு எட்டுமா? எட்டாது.

இது போடியின் கதை மட்டுமல்ல. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகத்தில் கூலியில்லாமல் செய்யப்படும் பராமரிப்பு வேலை ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம். 200 கோடிப் பேர் தினம் 8 மணி நேரம் சும்மா உழைப்பதற்கு இது சமம். இதில் நாலில் மூன்று பங்கு பெண்கள் தலையில்.

இந்த வேலையின் ஒரு பகுதி இன்று வீட்டை விட்டு வெளியே வந்து உத்தியோகமாகியிருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் அங்கன்வாடி வந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கவும், படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கவும் வீடு தேடிப் போகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் தேவைப்படுகிறார்கள். ஆகவே, ஏணி இருக்கிறது. ஏறுவது எப்படி?

முதல் படி பத்தாவது வகுப்பு. எட்டாவதோடு நின்றவர்கள் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். வயதைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது படி, அடிப்படை அறிவு. குழந்தையின் எடை, சத்துணவு, தடுப்பூசி, முதியவர் பராமரிப்பு, ஊரின் சுகாதாரம் ஆகியவற்றைச் செல்போனில் கேட்டுப் படிக்கலாம். 2017-ல் மத்திய சர்க்கார் 'ஸ்வயம்' என்ற இணையப் பள்ளியைத் தொடங்கியது. பாடம் கேட்கக் காசு இல்லை. பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கத்தான் கட்டணம். பிளஸ் டூ முடித்தவர்கள் 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிப் பட்டத்துக்குத் தொலைவழியில் படிக்கலாம். தமிழ்நாட்டுக்கென்றே 2002-ல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டிருக்கிறது.

மூன்றாவது படியில்தான் எச்சரிக்கை வேண்டும். படுத்த நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதையும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் திரையில் பார்த்து மட்டும் கற்க முடியாது. பழகிய நர்சின் பக்கத்தில் நின்று, கையால் செய்து கற்க வேண்டும். நர்சாக வேண்டுமானால் ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். 3 வருஷம், பி.எஸ்ஸி. நர்சிங் 4 வருஷம். மூன்றும் நேரில் போய்ப் படிக்க வேண்டியவை. 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், உளவியல், உணவும் சத்தும் போன்ற படிப்புகளைக்கூட இணையவழியிலும் தொலைவழியிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. ஆகவே 'ஆறு மாதத்தில் வீட்டிலிருந்தே நர்ஸ்' என்று ஒருவன் நோட்டீஸ் கொடுத்தால், அவன் நமது காது கம்மலுக்கு வலை விரிக்கிறான் என்று அர்த்தம்!

பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பு மானியக் குழுவின் பட்டியலிலோ, நர்சிங் கவுன்சில் பட்டியலிலோ, சர்க்காரின் தொழிற்பயிற்சிப் பட்டியலிலோ இருக்கிறதா? கைப்பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நாள்? இந்த சர்டிபிகேட்டை எந்த வேலைக்கு ஏற்றுக்கொள்கிறார்கள்? பதில் எழுத்தில் வராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். சந்தேகமானால் சங்க ஆபீசுக்கு அந்தக் காகிதத்தைக் கொண்டுவாருங்கள்.

இனி நடைமுறைக் கஷ்டங்கள். போடியில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. காய்க்கு விலை சொல்ல மின்னல் வேகத்தில் கருவி வந்துவிட்டது. காயை எடுத்தவளுக்குப் பாடம் கேட்க மலைச்சரிவில் சிக்னல் கிடைப்பதே பாடாக இருக்கிறது. அங்கன்வாடி ஊழியர் கையிலும் செல்போன் இருக்கிறது; 2021 முதல் குழந்தையின் எடையையும் உயரத்தையும் அதில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். கணக்கு மேலே போக வழி செய்தவர்கள், கல்வி கீழே வரவும் வழி செய்ய வேண்டாமா? 'ஸ்வயம்' பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. குரங்கணியிலும் கொட்டகுடியிலும் இருக்கும் பெண்ணுக்கு அது தமிழில் வரவேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கேரளத்துப் பீடித் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்தார். மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்கள். படித்தவருக்குப் போன கூலியைத் தங்கள் பீடியிலிருந்து ஈடுகட்டினார்கள். அந்த வழி நமக்கும் உண்டு. வாரம் மூன்று இரவு, 10 பேர் ஓரிடத்தில் கூடுவோம். ஒரு செல்போன், ஒரு பெரிய திரை, பிளஸ் டூ படித்த ஒரு பெண் போதும். ஆங்கிலப் பாடத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லலாம். ஓய்வு பெற்ற நர்ஸ் யாராவது இருந்தால் அழைத்து வருவோம்.

மில்லில் வேலை செய்யும் ஆண் தோழர்களே, இது உங்களுக்கு. அந்த மூன்று இரவும் குழந்தையைத் தூங்க வைப்பது உங்கள் பொறுப்பு. சோறு வடிப்பதும் உங்கள் பொறுப்பு. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் தட்டைக் கழுவ மறுத்தால், அவள் படிப்பு முதல் வாரத்திலேயே நின்றுவிடும்.

கடைசியாக, முக்கியமான விஷயம். படிப்பு மட்டும் வயிற்றை நிரப்பாது. அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய சர்க்கார் 2018-ல் தன் கணக்கில் நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநில சர்க்கார் சேர்த்துக் கொடுப்பது வேறு. மத்திய சர்க்கார் கொடுப்பதற்குச் 'சம்பளம்' என்று பெயரில்லை. 'மதிப்பூதியம்' என்று பெயர். வீடு தேடிப் போய் மாத்திரை கொடுப்பவளுக்குத் 'தன்னார்வலர்' என்று பெயர். மதிப்பு பெயரில் இருக்கிறது, ஊதியத்தில் இல்லை!

2013-ல் கூடிய 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் உட்கார்ந்திருந்தன. இப்படிப்பட்ட திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும், குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. 2022 ஏப்ரல் 25-ல் சுப்ரீம் கோர்ட், அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. பல வருஷம் கோர்ட்டுப் படியேறி, சங்கமாக நின்று வாங்கிய உரிமை அது.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. பாடம் தமிழில் வரட்டும். கைப்பயிற்சி தேனி ஜில்லாவின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே, உதவித்தொகையோடு நடக்கட்டும். சர்டிபிகேட் வாங்கியவளைத் தொழிலாளி என்று பதிவு செய்து குறைந்தபட்சக் கூலி கொடுக்கட்டும். எத்தனை பேர் வேலை செய்தாலும் மலைத் தோட்டப் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் திறக்கட்டும். அந்தக் காப்பகத்தில் வேலை பார்க்க நமது பெண்களே தகுதி பெற்று வரட்டும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றே கொடுங்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அந்த மூத்த பெண்ணின் பெயரை முதலில் எழுதுவோம்!