வயலுக்கு வந்தவரை விரட்டலாமா?

(விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நாற்று நடுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஏஜெண்டு அழைத்து வருகிறான். “எங்கள் நடவு வேலை போயிற்றே, இவர்களை விரட்டினால் என்ன?” என்று நம் தாய்மார்கள் கேட்கிறார்கள். வயிறு கேட்கும் கேள்வி அது. அதைத் தட்டிக்கழிக்க நாம் வரவில்லை. இதே கேள்விக்கு விடை கண்ட ஒரு போராட்டத்தைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா என்ற மாகாணம். திராட்சையும் காய்கறியும் கொழிக்கும் பூமி. அங்கே பயிர் செய்ததும் பறித்ததும் யார்? பிலிப்பைன்ஸிலிருந்தும் மெக்ஸிகோவிலிருந்தும் பிழைக்கப் போன ஏழைகள். அறுவடைக்கு அறுவடை ஊர் மாறி, கொட்டடிகளில் படுத்து உழைத்தவர்கள். 1942 முதல் 1964 வரை இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டே மெக்ஸிகோ தொழிலாளரைத் தோட்ட முதலாளிகளிடம் அனுப்பி வைத்தன. அமெரிக்காவில் 1935-ல் வந்த தொழிற்சங்க உரிமைச் சட்டமோ ஆலைத் தொழிலாளியைச் சேர்த்துக் கொண்டது. விவசாயத் தொழிலாளியை ஒதுக்கித் தள்ளியது.

முதலாளிகளின் சூழ்ச்சி என்ன? பிலிப்பினோ வேலைநிறுத்தம் செய்தால் மெக்ஸிகோக்காரனைக் கருங்காலியாக இறக்குவது; மெக்ஸிகோக்காரன் நின்றால் பிலிப்பினோவை இறக்குவது! இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக் கொண்டிருந்த வரையில் இருவர் கூலியும் ஏறவில்லை.

1965 செப்டம்பர் 8. டெலானோ என்ற ஊரில் பிலிப்பினோ தொழிலாளர்கள் மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய தலைவர் லாரி இட்லியாங், சீசர் சாவேஸ் தலைமையில் இருந்த மெக்ஸிகோ தொழிலாளர் சங்கத்தின் ஆதரவைக் கேட்டார். எட்டே நாளில், 16-ந் தேதி, அந்தச் சங்கமும் களத்தில் குதித்தது. சான்பிரான்சிஸ்கோ பகுதித் துறைமுகத் தொழிலாளர்கள் டெலானோ திராட்சையைக் கப்பலில் ஏற்ற மறுத்தார்கள். நகரத்து மக்கள் அதை வாங்க மறுத்தார்கள். 1966-ல் இரு சங்கங்களும் ஒன்றாயின. ஐந்து ஆண்டுகள் நின்றார்கள், தோழர்களே! 1970 ஜூலையில் டெலானோ முதலாளிகள் இறங்கி வந்து சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

இனி நம் வயலைப் பாருங்கள். சொந்த ஊரில் நிலமும் வேலையும் இருந்தால் வங்கத்துத் தொழிலாளி நம் சேற்றில் வந்து நிற்பானா? அவனை ரயிலேற்றியது பசி. அவனைக் காட்டி நம் கூலியை இறக்குகிறவன் வேறொருவன். இவனை விரட்டினால் ஏஜெண்டு நாளை இன்னொரு ஊர்ப் பசியைக் கூட்டி வருவான்.

ஆகவே அவர்கள் தங்கும் இடத்திற்கே செல்லுவோம். ஆலைத் தோழர்களே, உங்கள் தறியிலும் கதிரிலும் வடநாட்டுத் தொழிலாளர் நிற்கிறார்களே, அவர்களில் மொழி தெரிந்த ஒருவரை எங்களோடு அனுப்புங்கள். கூலியில் ஏஜெண்டு எவ்வளவு பிடிக்கிறான் என்று கேட்போம். ஒரே வேலைக்கு ஒரே கூலி, உள்ளூர்ப் பெண்களுக்கு நடவில் பங்கு, வந்தவருக்குக் கூரையும் குடிநீரும் என்று எல்லோரும் சேர்ந்து கோருவோம். சங்கத்தின் அங்கத்தினர் சீட்டை அவர்கள் கையிலும் கொடுப்போம்.

டெலானோவில் முடிந்தது, காவிரிக் கரையில் முடியாதா?